கடைசியாக வருபவர் யார்?
(நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் கற்பிக்கும் பாடம்)

முன்னுரை

இவ்வாண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை சிஸ்டரின் அறைக்குச் சென்றோம். எங்கள் ஊரிலிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாதா திருத்தலத்திற்கு மிதிவண்டியிலேயே செல்வது, இரவு அங்குள்ள கன்னியர் மடத்தில் தங்குவது, மறுநாள் திரும்புவது என்பது எங்கள் ஆசை. விண்ணப்பத்துடன் பதினெட்டுப் பெயர்கள் கொண்ட பட்டியலையும் இணைத்திருந்தோம்.

சிஸ்டர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்கள். "இவர்களில் எல்லோரையும்விட மெதுவாக ஓட்டுகிறவள் யார்?" என்று கேட்டார்கள்.

"மெதுவாக ஓட்டுகிறவர்களை நாங்கள் சேர்க்கவில்லை, சிஸ்டர். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதே!" என்றோம், பெருமையாகத்தான்.

"உங்கள் வகுப்பில் நாற்பத்தொரு பேர் இருக்கிறீர்கள். பதினெட்டுப் பேர் போனால் அது பந்தயம், பயணம் இல்லை. உலகில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்துவிட்டு வாருங்கள். பிறகு பேசுவோம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாடிய முகத்துடன் திரும்பினோம். ஆனால் சொன்னபடி படித்தோம். படித்ததில் எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது, வட அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு மிதிவண்டிப் பயணத்தின் வரலாறு. அதை எம் பள்ளித் தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இரு நதிகளுக்கு இடையே ஒரு நாடு

ஐக்கிய அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் அமைந்திருப்பது அயோவா. அதன் கிழக்கு எல்லை முழுவதும் மிசிசிப்பி ஆறு. மேற்கு எல்லையில் மிசௌரி ஆறும் அதனோடு கலக்கும் பிக் சூ ஆறும் ஓடுகின்றன. பரப்பளவில் அது நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது. தமிழ்நாடு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். அயோவா ஏறத்தாழ 1,45,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 20 இலட்சத்துக்கும் மேல். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயோவாவின் மக்கள் ஏறத்தாழ 32 இலட்சம் மட்டுமே.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் உழவர் பூமி அது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நகரங்களும் ஊர்களும் அங்கு உண்டு. பலவற்றில் சில நூறு பேரே வாழ்கிறார்கள். ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம் என்ற அளவில் முடிந்துவிடும் ஊர்கள். இளைஞர் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றுவிட, முதியோர் மட்டும் தங்கிவிட்ட தெருக்கள் அங்கும் உண்டு.

அயோவா பலகைபோலச் சமதரையானது என்றே வெளியூரார் எண்ணுகிறார்கள். மிதிவண்டியில் சென்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மேற்கு எல்லையை ஒட்டிக் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண் குன்றுகள் நெடுகக் கிடக்கின்றன. மற்ற இடங்களிலும் சாலை அலைபோல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காரில் செல்பவர் அறியாத மேட்டை மிதிவண்டியில் செல்பவரின் முழங்கால் அறியும்!

இரு பத்திரிகையாளர் தொடங்கியது

டி மாயின் என்பது அயோவாவின் தலைநகரம். அங்கு வெளிவரும் 'ரெஜிஸ்டர்' நாளிதழில் ஜான் கராஸ், டொனால்ட் கௌல் என்னும் இருவர் பணியாற்றி வந்தனர். இருவரும் மிதிவண்டிப் பிரியர்கள். கௌல் வாஷிங்டன் நகரிலிருந்து அந்த நாளிதழுக்குப் பத்தி எழுதிவந்தார். "நீர் அயோவாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மிதிவண்டியில் சென்று, வழியில் கண்டதை எழுதலாமே" என்ற யோசனையைக் கராஸ் முன்வைத்தார். கராசும் உடன் வருவதானால் தாமும் வருவதாகக் கௌல் இசைந்தார். நாளிதழ் நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு டான் பென்சன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

விருப்பமுள்ள வாசகர்களும் உடன் வரலாம் என்று நாளிதழில் ஓர் அழைப்பு வெளியிட்டார்கள். யாரோ சிலர் வருவார்கள் என்றிருந்த இடத்தில், 1973 ஆகஸ்டு 26ஆம் நாள் மேற்கு எல்லையிலுள்ள சூ சிட்டி நகரில் ஏறத்தாழ 300 பேர் மிதிவண்டியுடன் வந்து நின்றனர்! ஸ்டார்ம் லேக், போர்ட் டாட்ஜ், ஏம்ஸ், டி மாயின், வில்லியம்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் இரவு தங்கி, ஆறாம் நாள் ஆகஸ்டு 31 அன்று மிசிசிப்பிக் கரையிலுள்ள டேவன்போர்ட் நகரை அடைந்தார்கள். இடையில் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் சேர்ந்துகொண்டவர் பலர். தொடக்கம் முதல் முடிவு வரை முழுத் தூரத்தையும் கடந்தவர் 114 பேர்.

அத்துடன் முடிந்துவிட வேண்டிய கதை அது. ஆனால் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. பள்ளி திறந்துவிட்ட காலமாதலால் எங்களால் வர இயலவில்லை, மீண்டும் நடத்துங்கள் என்று பலர் கேட்டார்கள். எனவே 1974இல் கோடை விடுமுறைக்குள்ளேயே இரண்டாம் பயணம் நடந்தது. பின்னர் ஜூலை மாதத்தின் கடைசி வாரம் என்பது வழக்கமாயிற்று. பயணப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ராக்பிரை' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். கொரோனா தொற்றின் காரணமாக 2020இல் மட்டும் பயணம் நடைபெறவில்லை. 2023இல் ஐம்பதாவது பயணம், முதற்பயணத்தைப் போலவே சூ சிட்டியில் தொடங்கி டேவன்போர்ட்டில் முடிந்தது.

பெண்கள் வண்டியில் ஒரு முதியவர்

முதற்பயணத்தில் வந்தவர்களுள் ஒருவரைப் பற்றி நாங்கள் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் கிளாரன்ஸ் பிக்கார்ட், இண்டியானோலா என்னும் ஊரைச் சேர்ந்தவர், வயது 83. அண்மைக் காலத்தில் அவர் மிதிவண்டியை அதிகம் ஓட்டியவர் அல்லர். அவர் கொண்டு வந்ததோ யாரோ ஓட்டிப் பழகிய பழைய பெண்கள் மிதிவண்டி. நடுவில் மேல்பார் இல்லாத, நாம் 'லேடீஸ் சைக்கிள்' என்கிறோமே, அதுவேதான்.

கோடை வெயிலில் மற்றவர்கள் அரைக்கால் சட்டையுடன் நிற்க, அவர் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, உள்ளே நீண்ட கம்பளி உள்ளாடை, தலையில் வெள்ளி நிறத் தொப்பி என்று வந்தார். பார்த்தவர்கள் வியந்தனர். அந்த உள்ளாடை வெயிலைத் தடுத்து உடம்பைக் குளிர்ச்சியாக வைக்கிறது என்பது அவருடைய கணக்கு.

மற்றவர்கள் முந்திச் செல்லட்டும் என்று அவர் தம் போக்கில் மிதித்தார். டி மாயினிலிருந்து வில்லியம்ஸ்பர்க் வரை ஒரே நாளில் ஏறத்தாழ 110 மைல், அதாவது 175 கிலோமீட்டருக்கும் மேல். அந்த நாளையும் கடந்தார். டேவன்போர்ட் வரை சென்று சேர்ந்தார். அந்த ஆண்டு எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவர் யார் என்று தேடினோம். நாங்கள் படித்த எதிலும் அந்தப் பெயர் இல்லை. 83 வயது முதியவரின் பெயரோ எல்லாவற்றிலும் இருந்தது.

இதைப் படித்த அன்று எங்கள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். எங்கள் வகுப்பில் சிறு வயதில் காலில் அடிபட்டதால் ஒரு பக்கப் பெடலை அழுத்தி மிதிக்க இயலாத தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளும் தினமும் மிதிவண்டியில்தான் பள்ளிக்கு வருகிறாள். அவள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. வருகிறாயா என்று அவளை நாங்கள் கேட்கவும் இல்லை.

பயணத்தில் ஒரு நாள்

ஒரு வாரப் பயணத்தின் தூரம் சராசரியாக 750 கிலோமீட்டர். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதை ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிப்பார். மணிக்கு 12 கிலோமீட்டர் செல்பவருக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். ஓய்வு நேரம் இதில் சேராது.

இவ்விருவரும் ஒரே பயணத்தில் எவ்வாறு செல்வது? அதற்காகத்தான் சில ஏற்பாடுகள். பயணம் மேற்கிலிருந்து கிழக்கே செல்கிறது. அங்கே மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்கள் மிகுதியாதலால், முதுகுப்புறக் காற்று துணைசெய்யும் என்ற எண்ணம். பொழுது புலரும்போதே புறப்பட்டுவிடுகிறார்கள். பையையும் கூடாரத்தையும் பெரும்பாலோர் சுமப்பதில்லை. லாரிகள் அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்கின்றன. களைத்தவர், நோயுற்றவர், வண்டி பழுதானவர் ஆகியோரை ஏற்றிக்கொள்ளத் தனி வண்டிகள் வழியில் சுற்றி வருகின்றன. அதில் ஏறுவதை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. அமெரிக்க விமானப் படையின் மிதிவண்டிக் குழுவினர் ஆண்டுதோறும் வந்து, பஞ்சர் ஒட்டியும் அறுந்த செயினைப் பூட்டியும் முன்பின் அறியாதவர்க்கு உதவுகிறார்கள்.

முதலாவதாக வருபவருக்குப் பரிசு இல்லை. நேரக் கணக்கு இல்லை. தொடக்கத்தில் பின்சக்கரத்தை மேற்கு எல்லை ஆற்றில் நனைக்கிறார்கள். முடிவில் முன்சக்கரத்தை மிசிசிப்பியில் நனைக்கிறார்கள். இந்தச் சடங்கு ஒன்றே அவர்களுக்கு வெற்றிக் கோப்பை. காலையில் வந்து நனைத்தவருக்கும் மாலையில் வந்து நனைத்தவருக்கும் நீர் ஒன்றே.

சாலையில் ஒரு மொழி

பல்லாயிரம் பேர் செல்லும் சாலையில் விபத்தைத் தவிர்க்கும் முதற்கருவி வாய்தான் என்று அறிந்து வியந்தோம். எதிரே கார் வந்தால் முன்னால் செல்பவர் "முன்னே கார்!" என்று கூவுகிறார். அடுத்தவர் அதைக் கேட்டுக் கூவ, அவருக்கு அடுத்தவர் கூவ, அந்தச் செய்தி வரிசையின் கடைசி வரை போகிறது. பின்னால் கார் வந்தால் கடைசியில் இருப்பவர் கூவ, செய்தி முன்னோக்கிச் செல்கிறது. சாலைக்குள் நுழையும்போதும், சாலையைவிட்டு இறங்கும்போதும், நிற்கப் போகும்போதும், முந்தும்போதும், பள்ளம் கண்டபோதும் இவ்வாறே ஒவ்வொரு குரல்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. முன்னே செல்பவருக்குப் பின்னால் வரும் ஆபத்து தெரியாது. பின்னே வருபவருக்கு முன்னால் உள்ள ஆபத்து தெரியாது. ஆகவே கடைசியாக வருபவர் பாரமல்லர். முன்னே செல்வோருக்கு அவரே முதுகுப்புறக் கண்.

சிற்றூரின் விருந்து

எந்தெந்த ஊர் வழியாகப் பயணம் செல்லும் என்பது ஆண்டுதோறும் மாறும். ஜனவரி மாதத்தில் அது அறிவிக்கப்படுகிறது. இரவு தங்கும் ஊராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரில் அன்றே வேலை தொடங்கிவிடும். தங்குமிடத்துக்கு ஒரு குழு, உணவுக்கு ஒரு குழு, குளியலுக்கு ஒரு குழு, குப்பை அகற்ற ஒரு குழு என்று ஊரே பிரிந்து நின்று உழைக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

முழு வாரமும் வருவோர் ஏறத்தாழ 8,500 பேர் என்று அமைப்பாளர்கள் பல ஆண்டுகள் வரம்பு வைத்திருந்தனர். ஒரு நாள், இரண்டு நாள் வருவோர் அதற்கு மேல். இத்தனை பேரும் சில நூறு பேர் வாழும் ஊருக்குள் ஒரே காலையில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! பூங்காவிலும், பள்ளி மைதானத்திலும், வீட்டு முற்றத்துப் புல்வெளியிலும் கூடாரங்கள் எழுகின்றன. சிலரை வீட்டுக்குள்ளேயே அழைத்துத் தங்க வைக்கிறார்கள்.

வழியிலுள்ள தேவாலயங்களில் பங்குப் பெண்கள் முதல் நாளே கூடிப் பழப் பணியாரம் சுட்டு வைக்கிறார்கள். 'பை' என்று அதற்குப் பெயர். ஆப்பிளோ, செர்ரியோ, ருபார்ப் தண்டோ உள்ளே வைத்து மாவால் மூடிச் சுடுவது. வெண்ணெய் தடவிய சோளக் கதிரும் உண்டு. விற்றுக் கிடைக்கும் பணம் கோயில் பழுதுபார்க்கவும், தீயணைப்புத் தொண்டர் குழுவுக்கும், பள்ளி வாத்தியக் குழுவுக்கும் போகிறது. வந்தவர் வயிறு நிறைகிறது. ஊரின் தேவையும் தீர்கிறது.

ஆனால் பணம் மட்டும் அதன் பயன் அன்று. பேருந்தும் நெடுஞ்சாலையும் மறந்துவிட்ட ஊரை, மிதிவண்டியில் வருபவர் மறப்பதற்கில்லை. அவர் அந்த ஊரில் தண்ணீர் குடித்தாக வேண்டும். நிழலில் அமர்ந்தாக வேண்டும். யாரிடமாவது நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அந்நியரை ஏற்பது ஆண்டவரையே ஏற்பது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஏற்பவர் மட்டுமல்ல, தாகத்தோடு வந்து நிற்பவரும் ஊருக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார் என்பதை இதில்தான் உணர்ந்தோம்.

விபத்தும் பொறுப்பும்

நன்மையை மட்டும் சொல்லித் தீமையை மறைப்பது கட்டுரைக்கு அழகன்று. பெற்றோரின் அச்சம் வீணானதும் அன்று. 2004ஆம் ஆண்டுப் பயணத்தில் சாலையின் நடுவிலிருந்த வெடிப்பில் சக்கரம் சிக்கிக் கீழே விழுந்த ஒருவர் உயிரிழந்தார். அவர் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். சாலையைப் பராமரிக்கும் மாவட்ட நிர்வாகம் இழப்பீடு தர நேர்ந்தது. அதன்பின் அந்த மாவட்டம் தன் சாலைகளில் இப்பயணம் வரக் கூடாது என்று சில காலம் தடையும் விதித்தது. பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி மாநிலமெங்கும் எழுந்தது.

இதிலிருந்து நாங்கள் கற்றவை சில. சாலையை முன்கூட்டியே பார்த்துவர வேண்டும். சக்கரம் செல்லும் திசையிலேயே நீளும் வெடிப்பு, குறுக்கே உள்ள பள்ளத்தைவிடக் கொடியது. இருப்புப் பாதையைக் கடக்கும்போதும் சக்கரத்தைத் தண்டவாளத்துக்குக் குறுக்காக நிறுத்தியே கடக்க வேண்டும். தலைக்கவசம் அணிய வேண்டும். தாவணியோ துப்பட்டாவோ செயினிலும் சக்கரத்திலும் சிக்காமல் இழுத்துச் செருக வேண்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, டயரில் காற்று போதுமா என்று புறப்படுமுன் பார்க்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்த வேண்டும். வியர்வையில் உப்பும் போய்விடுவதால் உப்பிட்ட மோரோ கஞ்சியோ நல்லது. இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, சிறிதே மடங்கியிருப்பதுதான் சரியான உயரம்.

நம் ஊர்ப் பெண்களும் மிதிவண்டியும்

அயோவா முதியவர் பெண்கள் வண்டியில் சென்றதைப் படித்தபோது, நம் தமிழகத்திலேயே அதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு என்று தமிழாசிரியை எங்களுக்குச் சொன்னார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டையொட்டி அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொள்ளுங்கள் என்று சிற்றூர்ப் பெண்களை ஊக்குவித்தார்கள். கல் குவாரியில் உழைத்தவர், வயலில் உழைத்தவர், அங்கன்வாடிப் பணியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஆண்கள் வண்டியிலேயே ஏறி ஓட்டினார்கள்.

அங்கே பெண்கள் வண்டியில் ஓர் ஆண். இங்கே ஆண்கள் வண்டியில் பெண்கள். யாருக்காகச் செய்த வண்டி என்பது பெரிதல்ல. யார் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே பெரிது. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு யாருடைய தயவும் இன்றி அந்தப் பெண்கள் சென்ற பாதையில்தான் இன்று நாங்கள் பள்ளிக்கு வருகிறோம்.

எங்கள் சோதனைப் பயணம்

இவற்றையெல்லாம் எழுதி மீண்டும் சிஸ்டரிடம் கொடுத்தோம். முதலில் ஒரு சனிக்கிழமை போய்த் திரும்ப 22 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. உடற்பயிற்சி ஆசிரியையும் இரு பெற்றோரும் துணைக்கு வந்தார்கள். காலில் வலுக்குறைந்த எங்கள் தோழியை முன்னால் விட்டோம். அவள் வேகமே எங்கள் வேகம் என்பது விதி.

முதல் நான்கு கிலோமீட்டர் எங்களுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. மெதுவாக ஓட்டுவது இத்தனை கடினம் என்று அதுவரை நாங்கள் அறியோம். இருவர் பொறுக்கமாட்டாமல் விதியை மீறி முந்திச் சென்றுவிட்டார்கள். அப்படிச் சென்றவர்களின் பெயர் முன்பு எங்கள் பட்டியலில் முதலிரண்டு பெயர்கள்! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் புளியமரத்தடியில் அரைமணி நேரமாக அமர்ந்திருந்தார்கள். கொண்டு வந்த நீரெல்லாம் தீர்ந்துவிட்டது. திரும்பும்போது ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவளுக்குத் தன் நீர்ப் புட்டியைக் கொடுத்து, அருகிலேயே மெதுவாக ஓட்டி வந்தவள் யார் தெரியுமா? நாங்கள் பட்டியலில் சேர்க்காமல் விட்ட அதே தோழிதான். "மெதுவாகப் போய் எனக்குப் பழக்கம். நீ என்னோடு வா" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்ல இயலாமல் தலைகுனிந்து வந்தோம்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் தாயார் எங்களுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள்.

முடிவுரை

அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "வழியில் ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். முன்பு கேட்டிருந்தால், "எங்களுக்கெல்லாம் முடியும்" என்று பதில் சொல்லியிருப்போம். இப்போது, "முடியாதவளை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வேன் வரும், ஏறுவது வெட்கமில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்த பிறகே மீண்டும் புறப்படுவோம். வழியிலுள்ள இரண்டு ஊர்களின் பங்குக் கோயில்களில் நீரும் நிழலும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, வேனுக்குத் தாமே வருவதாகக் கூறினார்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் புறப்பட இருக்கிறோம். நாற்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேருக்கு வீட்டில் இசைவு கிடைத்திருக்கிறது. எழுவர் வீட்டில் இசைவு இல்லை. அவர்களுடைய பெற்றோரின் கவலையை நாங்கள் குறைகூறவில்லை. அந்த எழுவரும் முந்திய நாள் மாலை பள்ளியில் கூடி, வழிக்கு வேண்டிய புளிச்சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அயோவாவின் பங்குப் பெண்களைப்போல, அவர்களும் இப்பயணத்தில் சேர்ந்தவர்களே.

அன்புத் தோழியரே! கற்றலும் ஒரு நெடும் பயணமே. நம் வகுப்பறையிலும் முந்திச் செல்பவர் உண்டு. மூச்சு வாங்க மேடேறுபவரும் உண்டு. முதல் மதிப்பெண் பெற்றவரின் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். அது நல்லதே. அத்துடன், 'கடைசியாக வருபவர் யார்? அவர் வந்து சேர்ந்துவிட்டாரா?' என்றும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

சிஸ்டரிடம் நாங்கள் கொடுத்த புதிய பட்டியலில், அன்று விட்டுப்போன தோழியின் பெயர் முதலாவதாக இருக்கிறது. இரக்கத்தால் அப்படி எழுதவில்லை. முன்னால் செல்லப் போகிறவள் அவள்தான், அதனால் எழுதினோம். எல்லோரும் நலமாய்ப் போய்த் திரும்ப மாதாவின் மன்றாட்டை வேண்டுகிறோம். வாசகராகிய நீங்களும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.